பாட்டனார் வைத்த நிதி

திருவிழாக் காலத்தில் திருக்கோயிலுக்கு வரும் அடியார்கள், எம்பெருமானைச் சேவிக்க வரிசையில் நிற்கும்போது, சுற்றிலுமுள்ள எழுத்துகளைப் படித்துக்கொண்டே நகர்வது வழக்கம். பழைய மதிற்சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டு. மண்டபத் தூணில் சென்ற தலைமுறையார் பதித்த பளிங்குப் பலகை. வாகனத்தின் பாதத்தில், உண்டியலின் முகப்பில், நீர்த்தொட்டியின் விளிம்பில் உபயதாரர் பெயர். 'பாட்டனார் பாட்டியார் நினைவாகப் பேரன் உபயம்' என்ற வாசகம் அவற்றுள் அடிக்கடி கண்ணில் படும். குழல் விளக்கொன்றை வாங்கிக் கொடுத்தவர், குடும்பத்தார் பெயரையெல்லாம் அவ்விளக்கின் மேலேயே எழுதிவைத்து, வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடுவதும் உண்டு. கண்டு நகைப்பவர் நகைக்கட்டும். அந்த எழுத்துக்குள்ளே ஓர் ஏக்கம் இருக்கிறது. மறைந்துபோன முதியோர் இருவரின் பக்தி தம்மோடு அறுந்துபோய்விடலாகாது என்ற ஏக்கம் அது.

நம் முன்னோர் அந்த ஏக்கத்துக்கு ஒரு வழி கண்டிருந்தனர். நந்தாவிளக்கு எரிப்பதற்காகத் திருக்கோயிலுக்கு ஆடுகள் விடுவார்கள். தஞ்சைக் கல்வெட்டுகளில் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்ற கணக்கைக் காண்கிறோம். வேறு பல கோயில்களில் 90 ஆடுகள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர்; சாகாத ஆடு, மூப்படையாத ஆடு. உலகத்தில் சாகாத ஆடு ஏது? இடையர் வழிவழியாகக் குட்டிகளைப் பெருக்கி, இறந்ததற்கு ஈடாக ஒன்றை நிறுத்திக்கொண்டே வந்தமையால் மந்தை சாகவில்லை. கொடுத்தவர் ஒருவர்; பெயர் பொறிக்கப்படாமல் அதனைக் காத்தவர் பலர். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால், ஸ்ரீவைஷ்ணவ குருபரம்பரையில் ஒரு பாட்டனாருக்கும் பேரனுக்கும் இடையே நடந்த செய்தி நன்கு விளங்கும்.

ஆளவந்தார் என்னும் யாமுனாசார்யர் அருளிச்செய்த ஸ்தோத்ர ரத்நம் 65 சுலோகங்களைக் கொண்டது. எம்பெருமானைத் துதிக்கப் புகுந்த அந்நூலின் முதல் மூன்று சுலோகங்களும் எம்பெருமானைப் பற்றியவை அல்ல. தம் பாட்டனாராகிய நாதமுனிகளுக்கு வணக்கம் சொல்பவை. இடையில் எத்தனையோ ஆழ்பொருள்களைப் பேசி, சரணாகதி செய்து, தம் குற்றங்களை அடுக்கி முறையிட்ட பின்பு, கடைசிச் சுலோகத்தில் மீண்டும் பாட்டனாரிடமே வந்து சேருகிறார். பெருமானே, அடியேன் நடத்தையை எண்ணிப் பார்க்க வேண்டா. தேவரீர் திருவடிகளில் இயல்பாக அமைந்த பேரன்பின் எல்லையில் நின்ற பாட்டனார் நாதமுனிகளை நோக்கி அருள்புரிய வேண்டும் என்பது அதன் கருத்து.

இவ்வாறு வேண்டியவர் எளியவர் அல்லர். இளம் பிராயத்திலேயே அரசவைப் பண்டிதரை வாதில் வென்று பாதி அரசைப் பெற்றவர். ஆகம ப்ராமாண்யமும், மூன்று ஸித்திகளும், 32 சுலோகங்களில் கீதையின் பொருளைச் சுருக்கிய கீதார்த்த ஸங்க்ரஹமும் எழுதியவர். கல்வியாலோ துறவாலோ தமக்கென ஒரு தகுதியைக் காட்டியிருக்கலாம். அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தாம் கண்ணால் கண்டிராத பாட்டனார் ஒருவரையே பற்றுக்கோடாகக் காட்டுகிறார். ஏன்?

முதலில் பாட்டனாரைப் பற்றி அறிய வேண்டும். இன்றைய கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலே பழைய வீரநாராயணபுரம். முதலாம் பராந்தக சோழனின் விருதுப்பெயரான வீரநாராயணன் என்பதே இவ்வூருக்கும், அருகில் கடல் போல் விரிந்து கிடக்கும் வீராணம் ஏரிக்கும் பெயராயிற்று. அவ்வூரில் ஆனி மாதம் அனுஷத் திருநக்ஷத்திரத்தில் அவதரித்தவர் நாதமுனிகள். மன்னனார் ஸந்நிதியில் கைங்கர்யம் செய்துவந்த அவர், ஒரு காலத்தில் குடும்பத்தோடு வடநாட்டு யாத்திரை மேற்கொண்டு, யமுனைக் கரையைச் சார்ந்த கோவர்த்தனபுரத்தில் தங்கிவிட்டார். மன்னனார் கனவில் தோன்றி ஊர் திரும்புமாறு நியமிக்க, மீண்டு வந்தார். யமுனைக் கரையின் இனிமை மட்டும் அவர் திருவுள்ளத்தை விட்டு நீங்கவில்லை. பிறக்கப்போகும் பேரனுக்கு யமுனைத்துறைவன் என்று பெயரிட வேண்டும் என்று தம் குமாரர் ஈச்வரமுனிகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார் என்பர். பாட்டனார் பேரனுக்குத் தந்த முதற்பொருள் ஒரு பெயர்.

ஒருநாள் மேல்நாட்டிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவர் சிலர் மன்னனார் ஸந்நிதியில் ஒரு திருவாய்மொழியை விண்ணப்பம் செய்தனர். திருக்குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பத்து அது. கேட்டு உருகிய நாதமுனிகள், பத்தின் முடிவில் 'ஆயிரத்துள் இப்பத்து' என்ற குறிப்பு வரக்கண்டு, அந்த ஆயிரமும் தெரியுமோ என்று வினவினார். வந்தவர்களுக்கு அந்தப் பத்துக்கு மேல் தெரியாது. ஆழ்வார்கள் பாடிய பெருஞ்செல்வம் ஓலையிலும் இன்றி நாவிலும் இன்றி மறைந்துகொண்டிருந்த காலம் அது. நாதமுனிகள் திருக்குடந்தைக்குச் சென்றார். அங்கிருந்து திருக்குருகூருக்கு நடந்தார். மதுரகவியாழ்வாரின் சிஷ்ய மரபில் வந்த பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பு ஒன்றே எஞ்சியிருந்தது. பதினொரு பாசுரங்களே கொண்ட அப்பிரபந்தத்தை நம்மாழ்வார் திருமுன்பே, திருப்புளியாழ்வார் அடியில் அமர்ந்து, 12,000 முறை சேவித்தார் என்று குருபரம்பரை கூறும். ஆயிரம் பாசுரங்களைத் தேடிச் சென்றவருக்கு நாலாயிரத்தையும் பொருளோடு அருளினார் ஆழ்வார்.

இங்கே சிறிது நிற்க வேண்டும். இவ்வளவு அரிதாகக் கிடைத்த பொருளை வேறு ஒருவர் பெற்றிருந்தால் என்ன செய்திருப்பார்? பெட்டியில் பூட்டிவைத்து, தகுதியுடைய மகனுக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். அக்காலத்தில் வித்தைகள் பலவும் அப்படித்தான் காக்கப்பட்டன; அப்படித்தான் பல அழிந்தும் போயின. நாதமுனிகள் ஊர் திரும்பி, நாலாயிரத்தையும் பகுத்து, பண்ணும் தாளமும் அமைத்து, மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் பயிற்றுவித்துப் பாடச் செய்தார். பல தாளங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்து, கேட்ட அளவிலே ஒவ்வொன்றின் எடையையும் சொல்லக்கூடிய செவி அவருக்கு இருந்ததாம். அந்த இசைஞானத்தை அரசவையில் விலைபேசாமல் ஆழ்வார்கள் பாசுரங்களுக்கே வைத்தார். திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி போன்ற திவ்யதேசங்களில் அரையர்கள் குல்லாய் தரித்துத் தாளமேந்திச் செய்யும் சேவை அந்த வழியில் வந்ததே. வடமொழியில் நியாயதத்துவம், யோகரஹஸ்யம் என்ற நூல்களையும் இயற்றினார். நூலாக அவை இன்று நமக்குக் கிடைக்கவில்லை. முன்னதன் சில வரிகள் மட்டும் பிற்கால ஆசார்யர்கள் எடுத்துக்காட்டிய மேற்கோள்களில் தங்கியுள்ளன. மன்னனார் ஸந்நிதியில் பலர் நாவில் ஏறிய பாசுரங்கள் தங்கின.

பாட்டியாரைப் பற்றியும் ஒரு சொல். நாதமுனிகளின் தேவிமார் திருநாமம் அரவிந்தப்பாவை என்று குருபரம்பரை குறிக்கிறது. ஒரு சமயம் அவர் வங்கிப்புரத்திலுள்ள தம் பிறந்தகத்துக்குச் சென்றபோது, துணையாக நாதமுனிகளின் சிஷ்யர் புண்டரீகாக்ஷர் சென்றார். அவரைத் தம்மினும் தாழ்ந்த பிரிவினராகக் கருதிய அவ்வீட்டார், வந்தவருக்குப் பழைய சோறு இட்டனர். அவர் முகம் சுளியாமல், ஆசார்யரைச் சேர்ந்தவர்கள் வீட்டுச் சேஷம் கிடைத்ததே என்று மகிழ்ந்து உண்டார். திரும்பி வந்தபின் நடந்ததை அறிந்த நாதமுனிகள், அவமதிப்பை அருளாகக் கொண்ட அந்தச் சிஷ்யர் தம்மையே உய்வித்தார் என்று நெகிழ்ந்து, உய்யக்கொண்டார் என்று அழைத்தார். பழைய சோறு இட்ட வீட்டாருக்கு அன்று தெரிந்திராது, தங்கள் பெண்ணின் பேரனுக்கு வரவேண்டிய செல்வத்தைப் பின்னாளில் கட்டிக்காக்கப் போகிறவர் அவரே என்று. அரவிந்தப்பாவையைப் பற்றி வரலாறு இதற்குமேல் பேசவில்லை. வீட்டில் அடியார்க்கு அமுது படைத்த கைகளைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுவது நம் நூல்களின் குறை என்றே சொல்ல வேண்டும். பேரன் பேத்திகள் பலருக்கும், பக்தி என்பது முதலில் பாட்டியின் வாய்வழியாக வந்த திருநாமமாகத்தான் இருக்கிறது.

நாதமுனிகள் தம் சிஷ்யர் இருவரை அழைத்து, எது வேண்டும் என்று கேட்டாராம். குருகைக்காவலப்பன் யோகத்தைக் கேட்டுப் பெற்றார். உய்யக்கொண்டாரோ, உலகத்தார் துன்பத்தில் கிடக்கையில் தாம் தனியே அமர்ந்து இன்பம் துய்ப்பது பொருந்தாது என்று சொல்லி, பலருக்கும் எடுத்துரைக்கக்கூடிய திவ்யப்பிரபந்தத்தையும் அதன் பொருளையும் கேட்டார். நாதமுனிகள் உள்ளம் உகந்து, பிறக்கவிருக்கும் பேரனுக்கு இவற்றைச் சேர்ப்பிக்குமாறு இருவரிடமும் பொறுப்பை வைத்தார். ஆடுகளை ஏற்ற இடையரைப் போல இருவரும் ஏற்றனர்.

அவருடைய இறுதியும் அவருடைய பக்தியைப் போன்றதே. ஒருநாள் வில்லேந்திய இருவரும், பெண் ஒருத்தியும், குரங்கொன்றும் வீட்டு வாசலுக்கு வந்து அவரைத் தேடினர் என்று மகளார் சொல்லக் கேட்டு, சக்கரவர்த்தித் திருமகனே வந்தான் என்று உறுதிகொண்டு, சென்ற திசை நோக்கி ஓடினார். காணாமையால் நெஞ்சுருகி, கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்தில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அந்த ஊருக்கு அப்பெயர் வந்தது 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராஜேந்திரன் காலத்தில். நாதமுனிகளோ அதற்கு முற்பட்டவர். ஆகவே பிற்காலப் பெயரால் இடத்தைச் சுட்டுகிறார்கள் என்று கொள்வதில் தவறில்லை. வந்தவர்கள் வேட்டைக்குப் போன அரசன் பரிவாரமே என்பாரும் உண்டு. இருக்கட்டும். வாசலில் நின்றவர் யாராயினும் இராமனாக இருக்கக்கூடும் என்று எண்ணி எழுந்து ஓடும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இனிப் பேரனிடம் வருவோம். ஆடி உத்தராடத்தில் பிறந்த யமுனைத்துறைவர், மஹாபாஷ்ய பட்டரிடம் கல்வி பயின்றார். அரசவைப் பண்டிதர் ஆக்கியாழ்வான் மற்ற வித்வான்களிடம் திறை கேட்டு அனுப்பிய ஓலையை, ஆசிரியர் வருந்துவதைக் கண்ட இளைஞர் கிழித்தெறிந்தார். அவையில் வாதம் நடந்தது, வென்றார். அரசியார் 'ஆளவந்தீரோ' என்று வியந்ததால் ஆளவந்தார் ஆனார். பாதி அரசு கிடைத்தது. இக்கதை யாவரும் அறிந்தது. உபந்யாசங்களில் கைதட்டு வாங்குவதும் இதுவே. ஆயினும் இந்த வரலாற்றில் வெற்றி பெற்ற நாளே பெரிய நஷ்டம் நெருங்கிய நாள். அரண்மனையில் பாட்டனாரின் பெயர் இல்லை, திருவாய்மொழி இல்லை, நாட்டுக் கணக்கும் நீதி விசாரணையும் பகலை விழுங்கின. நாதமுனிகளின் பேரன் அரசராக வாழ்ந்து, அரசராக மறைந்திருந்தால், அந்தக் குலத்தின் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

அதற்குள் உய்யக்கொண்டார் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். பொறுப்பு அவருடைய சிஷ்யர் மணக்கால் நம்பியிடம் வந்திருந்தது. இந்த நம்பி எத்தகையவர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். ஆசார்யருடைய பெண்குழந்தைகள் ஆற்றில் நீராடி வரும் வழியில் சேறு குறுக்கிட்டது. தாண்ட அஞ்சிய குழந்தைகள் தம் முதுகில் கால்வைத்து நடக்கும்படி, அவர் அச்சேற்றில் குப்புறப் படுத்தார். இத்தகையவருக்கு அரண்மனை வாசலில் காத்துக் கிடப்பது பெரிதன்று. காவலர் உள்ளே விடவில்லை. நம்பி மடைப்பள்ளிக்காரரைக் கண்டு, தூதுவளைக் கீரை கொண்டுவந்து கொடுத்தார். ஞானத்தை வளர்க்கும் கீரை என்று பெரியோர் போற்றும் அதனை ஆறு மாதம் நாள் தவறாமல் கொடுத்தார். ஒரு பேச்சில்லை, ஒரு விண்ணப்பமில்லை. பிறகு ஒருநாள் நிறுத்தினார்.

நான்கு நாள் கீரை இல்லாமல் அமுது செய்த ஆளவந்தார், ஏன் இல்லை என்று கேட்டார். கிழப் பிராமணர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார், இப்போது வரவில்லை என்றனர். அவர் வந்தால் தம்மிடம் அழைத்து வருமாறு பணித்தார். நம்பி வந்தார். ஆளவந்தார் ஆசனமளித்து, பொருள் வேண்டுமோ, நிலம் வேண்டுமோ என்று வினவினார். இவ்விடத்தில் நம்பி சொன்ன மறுமொழியே வரலாற்றின் நடுநாயகம். தாம் எதையும் வாங்க வரவில்லை. ஆளவந்தாரின் பாட்டனார் தேடிவைத்த பெருநிதி ஒன்று தம்மிடம் இருக்கிறது. அதனைக் கொடுக்கவே வந்ததாகவும், கொடுத்து முடியும்வரை தடையின்றி வந்துபோக அனுமதி வேண்டும் என்றும் கூறினார். போர் முயற்சிக்குப் பொருள் தேவைப்பட்ட வேளை அது என்றும், அதனால் ஆளவந்தார் ஆவலோடு கேட்டார் என்றும் சொல்வர்.

நிதி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு நம்பி அடையாளம் சொன்ன அழகைக் குருபரம்பரை இவ்வாறு கூறுகிறது: இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிறது, ஏழு மதில்கள் சூழ்ந்திருக்கின்றன, பெரும்பாம்பு ஒன்று சுற்றிக் கிடந்து காக்கிறது, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தெற்கேயிருந்து ஓர் அரக்கன் வந்து பார்த்துப் போகிறான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஸப்த ப்ராகாரங்களுக்குள் ஆதிசேஷன்மேல் கண்வளர்ந்தருளும் பெரிய பெருமாளையும், அவரைச் சேவிக்க வரும் விபீஷணாழ்வானையும் அறிந்தவர்க்கு இது விடுகதையன்று. ஆளவந்தாருக்கு அன்று விடுகதையாகவே இருந்தது. நம்பி அவசரப்படவில்லை. முதலில் கீதையின் பதினெட்டு அத்தியாயங்களையும் கற்பித்தார். படிப்படியாக மனம் இளகி, இப்பெருமானை அடையும் வழி யாது என்று ஆளவந்தாரே கேட்கும் நிலை வந்தபோது, திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று, பெரிய பெருமாள் திருமுன்பே நிறுத்தி, பாட்டனார் வைத்த நிதி இதுவே என்று காட்டிக்கொடுத்தார். போனவர் அரசைத் திரும்பிப் பார்க்கவில்லை. துறவு பூண்டு திருவரங்கத்திலேயே தங்கினார்.

நிதியில் இது ஒரு பாதி. மற்றொரு பாதி குருகைக்காவலப்பனிடம் இருந்தது. அந்தச் செய்தியை அதிகம் பேர் சொல்வதில்லை. சொல்லாமல் விடத்தக்கதும் அன்று.

யோகரஹஸ்யத்தைப் பெற விரும்பி ஆளவந்தார் காவலப்பன் இருந்த இடத்துக்குச் சென்றார். அவர் யோகத்தில் ஆழ்ந்திருந்தமையால், இடையூறு செய்ய அஞ்சி, ஒரு சுவருக்குப் பின்னே ஓசையின்றி நின்றார். சற்றுப்பொழுதில் காவலப்பன் கண்விழித்து, சொட்டைக் குலத்தில் பிறந்தவர் யாரேனும் இங்கு வந்திருக்கிறார்களோ என்று கேட்டார். சொட்டைக் குலம் என்பது நாதமுனிகளின் குடிப்பெயர். ஆளவந்தார் வெளிப்பட்டு வணங்கி, எவ்வாறு அறிந்தீர் என வினவ, அவர் உரைத்தது இது: தம்மோடு கலந்திருக்கும்போது பெரிய பிராட்டியாரே அழைத்தாலும் முகம் திருப்பாத எம்பெருமான், இன்று தம் கழுத்தை அழுத்திக்கொண்டு நான்கைந்து முறை அப்பால் எட்டிப் பார்த்தான், நாதமுனிகள் வழிவந்தவர் யாரோ வந்திருக்க வேண்டும் என்று அதனால் அறிந்ததாகக் கூறினார்.

ஸ்தோத்ர ரத்நத்தின் கடைசிச் சுலோகத்துக்கு இதைவிட நல்ல உரை வேண்டுமோ? பாட்டனாரை நோக்கி அருள்வாய் என்று வேண்டியது உபசார வார்த்தையன்று. சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றபோதே அந்த நோக்கு தம்மேல் விழுந்ததைக் கேட்டறிந்தவரின் வேண்டுகோள் அது. புராணத்திலும் இம்முறை உண்டு. பிரகலாதன் மரபில் பிறந்தவனைக் கொல்வதில்லை என்று கொடுத்த வாக்குக்காகவே, எதிர்த்துப் போர்செய்த பாணாசுரனைக் கண்ணபிரான் உயிரோடு விட்டான். பாணன் தந்தை மாவலி. மாவலியின் பாட்டன் பிரகலாதன். குற்றவாளியின் முகத்தில் பக்தனின் சாயலைத் தேடுவது அப்பெருமானுக்கு இயல்பு.

காவலப்பன் உடனே கற்பிக்கவில்லை. தாம் உடலை விடும் நாளையும் முகூர்த்தத்தையும் ஓர் ஓலையில் எழுதிக் கொடுத்து, அந்நாளுக்கு முன் வந்தால் ரஹஸ்யத்தைத் தருவதாகச் சொல்லியனுப்பினார். ஆளவந்தார் ஓலையை வாங்கி வைத்துக்கொண்டு திருவரங்கம் திரும்பினார். நாட்கள் சென்றன. ஒருநாள் அரையர் திருவனந்தபுரத்தைப் பற்றிய திருவாய்மொழியை இசையோடு விண்ணப்பம் செய்ய, அதில் ஈடுபட்ட ஆளவந்தார் சிஷ்யர்களோடு உடனே அத்திருப்பதிக்குப் புறப்பட்டார். அனந்தபத்மநாபனைச் சேவித்தார். அங்கேதான் ஓலை நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தால், குறித்த நாள் அந்த நாளே. பறந்து செல்ல ஒரு புஷ்பக விமானம் இல்லையே என்று வருந்தி நின்றார். அதே நாளில் காவலப்பன் திருநாட்டுக்கு எழுந்தருளினார். யோகரஹஸ்யம் அவரோடு போயிற்று. பேரனின் கைக்கு எட்டாத அது, பின்வந்த எவர் கைக்கும் எட்டவில்லை.

அலட்சியத்தால் நேர்ந்த பிழை என்று இதனைச் சொல்ல முடியாது. நல்ல காரியத்துக்காகப் போன இடத்தில்தான் நாள் தவறியது. பெரியோர் மறைவும் பெரும்பாலும் அப்படித்தான் நேர்கிறது. அடுத்த விடுமுறையில் போய்ப் பாட்டியிடம் அந்தப் பாசுரத்தைக் கேட்டுக்கொள்ளலாம், தாத்தா அன்னதானக் கட்டளைக்கு நிலம் எழுதிவைத்தது எந்த ஊரில் என்று தைமாதம் விசாரிக்கலாம் என்று எண்ணியிருக்கும் இளைஞரின் பையிலும் ஓர் ஓலை இருக்கிறது. அதில் எழுதிய நாளை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. தர்ப்பணத்தில் மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்கிறோம். அந்தப் பெயருக்கு உரியவர் எந்தத் திருவிழாவுக்கு நடந்தே போனார், பஞ்ச காலத்தில் யாருக்கு நெல் அளந்தார், எந்தப் பிரபந்தத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தார் என்பதைச் சொல்ல வல்லவர் வீட்டுக்கு ஒருவரேனும் இருக்கிறார்களா? வீட்டில் இல்லையெனில் வெளியில் இருக்கக்கூடும். ஆளவந்தாருக்குப் பாட்டனாரைக் காட்டிக்கொடுத்தவர் உறவினர் அல்லர். கீரைக் கட்டோடு வந்த அயலார். மடைப்பள்ளியில் முதிர்ந்த பரிசாரகரும், அத்யாபக கோஷ்டியின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் வயோதிகரும், நம் வீட்டுப் பெரியவரைப் பற்றி நாம் அறியாத ஒன்றை அறிந்திருப்பதுண்டு.

இழந்ததை எண்ணி ஆளவந்தார் ஓய்ந்துவிடவில்லை. பெற்றதைக் கொடுக்க இடம் தேடினார். காஞ்சியில் கரியமாணிக்கப் பெருமாள் ஸந்நிதியருகே, யாதவப்பிரகாசரின் மாணவர் கூட்டத்தில் நடந்துவந்த இளைஞர் ஒருவரைத் தொலைவிலிருந்து கண்டார். அருகில் சென்று பேசினால் அவருடைய கல்விக்கு இடையூறாகும் என்று கருதி, பேசாமலே தேவப்பெருமாளிடம் அவருக்காகச் சரணம் புகுந்து திரும்பினார். அந்த இளைஞரே 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இராமாநுசர். பாட்டனார் தாம் காணாத பேரனுக்காக நிதியை ஒப்படைத்துப் போனார். பேரனோ தாம் ஒரு சொல்லும் பேசாத இளைஞருக்காக அதனை ஒதுக்கிவைத்தார். பின்பு அவருடைய நியமனப்படி பெரிய நம்பி காஞ்சிக்குச் சென்று, இராமாநுசர் பேரருளாளனுக்குத் தீர்த்தம் கொண்டுவரும் வழியில், ஸ்தோத்ர ரத்நத்தை அவர் செவியில் விழும்படி சொல்லிக்கொண்டு நின்றார். இது யார் அருளிச்செய்தது என்று இராமாநுசர் கேட்டார். அந்த ஒரு கேள்வி அவரைத் திருவரங்கத்துக்கு அழைத்து வந்தது. வந்து சேர்ந்தபோது ஆளவந்தாரின் சரமத் திருமேனியையே சேவிக்க நேர்ந்தது. இங்கும் நாள் தவறியது. ஆனால் இம்முறை நிதி தவறவில்லை. மடங்கியிருந்த மூன்று விரல்களைக் கண்டு அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்புகளை அடியார்கள் அறிவார்கள்.

திருவிழாவில் அருளிச்செயல் கோஷ்டி தொடங்கும்போது சற்றுச் செவிகொடுத்துக் கேட்கலாம். பொதுத் தனியன்களின் நடுவே, நம்மாழ்வாரைத் தாயும் தந்தையும் எல்லாச் செல்வமுமாகப் போற்றி வணங்கும் வடமொழிச் சுலோகம் ஒன்று வரும். அது ஆளவந்தாருடையது, ஸ்தோத்ர ரத்நத்தின் ஐந்தாம் சுலோகம். திருவாய்மொழி தொடங்குமுன் அதற்கென்றே உள்ள தனியன்களைச் சேவிப்பார்கள். அவற்றுள் முதலாவதாகிய வடமொழித் தனியன் நாதமுனிகள் அருளிச்செய்தது. அடுத்து வரும், திருவழுதி நாட்டைச் சொல்லித் தொடங்கும் தமிழ் வெண்பா, குருபரம்பரை அதிகம் பேசாத ஈச்வரமுனிகள் இயற்றியது. பாட்டனார், மகனார், பேரனார் மூவரும் அந்தச் சில நிமிடங்களில் ஒரே கோஷ்டியில் எழுந்தருளியிருக்கிறார்கள். கோஷ்டியின் ஓரத்தில், சொற்கள் தெரியாமல் உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டு, தாத்தாவின் வேட்டித் தலைப்பைப் பிடித்தபடி ஒரு சிறுவன் அநேகமாக நின்றுகொண்டிருப்பான்.